கிளவுடோடு நிறுத்திவிடாதீர்கள்: கழற்றி வைக்கிற பேக்கப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் போனில் இடம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தபோது, எல்லாம்தான் கிளவுடில் ஏறிவிட்டதே என்ற தைரியத்தில் பழைய போட்டோ ஃபோல்டர் ஒன்றை அழித்தேன். போனில் அழித்தால் போனில் மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அது சிங்க் செய்கிற செயலி. போனில் போனது கிளவுடிலும் போனது, கிளவுடில் போனது லேப்டாப்பிலும் போனது, எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. மூன்று மாதம் கழித்து அப்பாவின் பழைய படம் ஒன்றைத் தேடும்போதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் குப்பைத்தொட்டியின் கெடு முடிந்து அங்கேயும் ஒன்றும் மிச்சமில்லை. எப்போதோ ஒரு ஹார்டு டிஸ்கில் காப்பி செய்து அலமாரியில் போட்டு மறந்திருந்ததால் பாதிப் படங்கள் திரும்பக் கிடைத்தன. மீதிப் பாதி இன்றுவரை இல்லை.

அந்த டிஸ்க் ஏன் தப்பித்தது என்றால், அது எதனோடும் இணைந்திருக்கவில்லை, அவ்வளவுதான். நான் செய்த தவறு அதுவரை போக வழியில்லை. கிளவுடை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதை அப்படியே வைத்துக்கொண்டு, கூடவே வயர் கழற்றிய, பூட்டிய காப்பி ஒன்றை எப்படி உருவாக்குவது, எப்படிப் பராமரிப்பது என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

பெரிய கம்பெனிகளுக்கே இது தேவைப்பட்டிருக்கிறது

2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயிலைத் திறந்த சிலருக்கு இன்பாக்ஸ் காலியாக இருந்தது. மொத்தப் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேர்தான், ஆனால் அவர்களுக்கு எல்லாமே போயிருந்தது. ஸ்டோரேஜ் மென்பொருளின் அப்டேட்டில் இருந்த ஒரு பிழைதான் காரணம். கூகுள் ஒவ்வொரு மெயிலையும் பல டேட்டா சென்டர்களில் வைத்திருந்தும், அந்தப் பிழை எல்லாப் பிரதிகளையும் பாதித்துவிட்டது. கடைசியில் காந்த டேப்பிலிருந்து மெயில்களை மீட்டார்கள். டேப் ஆஃப்லைனில் இருந்ததால் பிழைக்கு அது எட்டவில்லை.

2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நோர்டிக் என்ற கம்பெனிக்குள் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற தீய மென்பொருள்) புகுந்தபோது இதற்கு நேர் எதிராக நடந்தது. அவர்களிடமும் பேக்கப் இருந்தது. ஆனால் அதுவும் அதே நெட்வொர்க்கில் எட்டும் தூரத்தில் இருந்ததால் சேர்ந்தே பூட்டப்பட்டது, பெரும்பாலான வாடிக்கையாளர்களின் டேட்டா மொத்தமாகப் போனது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் அமைப்பு, உருவாக்கும்போது நேர்ந்த ஒரு தவறால் தானாக அழிந்தது. வேறொரு நிறுவனத்திடம் தனியாகப் பேக்கப் வைத்திருந்தது அவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

நமக்கு வருகிற ஆபத்துகள் இதைவிடச் சாதாரணமானவை. கை தவறி அழிப்பது, கணக்கு முடக்கப்படுவது, பாஸ்வேர்டு திருடு போவது, கட்டணம் கட்ட மறப்பது. கூகுள் கணக்கை 2 வருடம் தொடாமல் விட்டால் அதை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இறந்துபோன ஒருவரின் கணக்கில் இருக்கும் படங்களை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

3-2-1 என்ற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது: மொத்தம் 3 காப்பி, 2 வகையான சேமிப்பில், அதில் 1 வேறு இடத்தில். லேப்டாப், கிளவுட், கழற்றி வைத்த டிஸ்க் என்று வைத்தால் கணக்குச் சரியாக வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இடம் மிச்சம் பிடிக்கிற வசதி போனில் ஆன் ஆகியிருந்தால் அங்கே இருப்பது சிறிய மாதிரிப் படம்தான், அசல் கிளவுடில் மட்டுமே இருக்கும். அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு காப்பி.

படி 1: எதை எடுப்பது

எல்லாவற்றையும் எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எதையும் எடுப்பதில்லை. ஒரு தாளில் எழுதுங்கள்: தொலைந்தால் திரும்பவே உருவாக்க முடியாதவை எவை? படங்கள், வீடியோக்கள், சொந்தமாக எழுதியவை, வேலை சம்பந்தப்பட்ட ஃபைல்கள், சான்றிதழ்களின் ஸ்கேன், மெயில், தொடர்பு எண்கள். சினிமாவும் மென்பொருள் இன்ஸ்டாலர்களும் வேண்டாம், அவை மறுபடி கிடைக்கும்.

பலர் விடுவது இரண்டு. ஒன்று, பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கும் பட்டியல். இன்னொன்று, இரட்டைச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகள். போன் தொலைந்த அன்று கிளவுடுக்குள் நுழையவே அந்தக் குறியீடுதான் வேண்டும், அதைக் கிளவுடிலேயே சேமித்து வைத்திருந்தால் பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டியது மாதிரி. பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

படி 2: எதில் எடுப்பது

சாதாரண வெளிப்புற ஹார்டு டிஸ்க் போதும். இப்போது இருக்கும் டேட்டாவைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவு எடுங்கள், இரண்டாக வாங்குங்கள், முடிந்தால் வெவ்வேறு கம்பெனி. ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் டிஸ்குகள் ஒரே காலகட்டத்தில் பழுதாகும் வாய்ப்பு அதிகம்.

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க், வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும், ஆனால் அது டேட்டாவை மின்னேற்றமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது, வருடக்கணக்கில் மின்சாரமே தராமல் அலமாரியில் போட்டால் அந்த ஏற்றம் மெல்லக் கசியும், அதிலும் நிறைய எழுதித் தேய்ந்த பழைய எஸ்எஸ்டியில், அதிலும் சூடான அறையில், இன்னும் சீக்கிரம். மாதா மாதம் இணைக்கிற டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி சரி, போட்டு வைக்கிற டிஸ்க் என்றால் ஹார்டு டிஸ்க். பென்டிரைவும் மெமரி கார்டும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக மட்டும்தான்.

டிஸ்க் வந்த உடனே சோதியுங்கள். 2 டெராபைட் என்று காட்டி உள்ளே 64 ஜிகாபைட் மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. இடம் தீர்ந்த பிறகும் எழுதுவது போலவே நடிக்கும், எழுதியது எதுவும் இருக்காது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் டிஸ்க் முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். டிஸ்க் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஒரு ராத்திரி ஆகும், ஆகட்டும்.

படி 3: முதலில் பூட்டு, அப்புறம் டேட்டா

கழற்றி வைக்கிற டிஸ்க் ஹேக்கரிடமிருந்து தப்பிக்கும், திருடனிடமிருந்து தப்பிக்காது. உங்கள் வாழ்க்கை முழுவதும் உள்ளங்கை அளவு பெட்டியில் இருக்கப்போகிறது, அதை என்கிரிப்ட் செய்யாமல், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டாமல், வைக்காதீர்கள். டேட்டாவைப் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது நடக்கவே நடக்காது.

விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லாக்கர் கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் போட்ட வெளி டிஸ்கைத் திறக்கலாம், புதிதாகப் போட முடியாது. மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டியில் என்கிரிப்ட் செய்த ஏபிஎஃப்எஸ் தேர்ந்தெடுங்கள், ஆனால் அந்த டிஸ்கை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது. லினக்ஸில் லக்ஸ். மூன்று பக்கமும் திறக்க வேண்டும் என்றால் வெராகிரிப்ட், அது இலவசம்.

வெராகிரிப்டில் ஒரு பொறி இருக்கிறது. முழு டிஸ்கையும் என்கிரிப்ட் செய்து விண்டோஸில் செருகினால், இந்த டிஸ்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கும். விஷயம் தெரியாத யாராவது வீட்டில் ஆம் என்று அழுத்தினால் கதை முடிந்தது. அதனால் டிஸ்கைச் சாதாரணமாக ஃபார்மட் செய்து, உள்ளே பெரிய கன்டெய்னர் ஃபைல் (பூட்டிய பெட்டி மாதிரியான ஒரே ஃபைல்) ஒன்றை வெராகிரிப்டில் உருவாக்கி, அதற்குள் டேட்டாவை வைக்கும் முறைதான் குடும்பத்துக்கு நல்லது என்பது என் முடிவு. ஃபார்மட் எக்ஸ்ஃபேட் என்றால் எல்லாக் கணினியும் படிக்கும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எக்ஸ்ஃபேட் சுலபமாகக் கெடும், அதனால் ஒவ்வொரு முறையும் எஜெக்ட் கொடுத்தே கழற்றுங்கள். பழைய ஃபேட்32 வேண்டாம், 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஒரு ஃபைலை அது ஏற்காது.

இப்போது பாஸ்வேர்டு. சம்பந்தமில்லாத ஆறு ஏழு சொற்களைக் கோர்த்து வைப்பது பலமானது, நினைவிலும் நிற்கும். நான் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தேன், நல்ல யோசனை என்றுதான் அன்று பட்டது. இரண்டு வருடம் கழித்துத் திறக்க உட்கார்ந்தபோது சொற்கள் எல்லாம் வரிசையாக நினைவிருந்தன, மழையின் ழகரத்தை இரண்டு எழுத்தில் எழுதினேனா ஒரே எழுத்தில் முடித்தேனா, கதவின் தகரத்துக்குப் பின்னால் ஹெச் போட்டேனா என்பதுதான் நினைவில்லை. முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன், நெஞ்சு படபடத்தது. கடைசியில் காப்பாற்றியது எங்கோ மடித்து வைத்திருந்த ஒரு தாள். அந்தத் தாளிலும் பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் ஒரே மாதிரி இருந்தன.

அதனால் தாளில் எழுதுங்கள், பெரிய எழுத்தில், குழப்பம் தருகிற எழுத்துகளுக்குக் கீழே அது எண்ணா எழுத்தா என்று குறித்து. எழுதி முடித்ததும் அந்தத் தாளை மட்டும் பார்த்து ஒரு முறை டிஸ்கைத் திறந்து பாருங்கள். பிட்லாக்கர் தருகிற 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் அதே தாளில் சேருங்கள். தாள் ஒரு இடம், டிஸ்க் வேறு இடம். வெராகிரிப்டில் பாஸ்வேர்டு மறந்தால் மீட்டுத்தர யாராலும் முடியாது.

படி 4: கிளவுடிலிருந்து கீழே இறக்குவது

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

லேப்டாப்பில் தெரிகிற கிளவுட் ஃபோல்டரை அப்படியே இழுத்து டிஸ்கில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஒன்டிரைவ், ஐகிளவுட், கூகுள் டிரைவ் எல்லாவற்றிலும் அந்த ஃபோல்டரில் தெரிகிற பல ஃபைல்கள் வெறும் பெயர்தான். உள்ளே இருப்பதைத் திறக்கும்போதுதான் இணையத்திலிருந்து எடுக்கும். காப்பி செய்வதற்கு முன் அந்த ஃபோல்டரை எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு என்று மாற்றி, எல்லாம் இறங்கி முடிகிறவரை காத்திருங்கள்.

கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் இன்னும் மோசம். அவற்றை லேப்டாப் ஃபோல்டரிலிருந்து காப்பி செய்தால் கிடைப்பது ஒரு சுட்டி மட்டும்தான், எழுதிய ஒரு வரிகூட அதில் இருக்காது. ஃபைலின் அளவைப் பாருங்கள்: நாற்பது பக்கக் கட்டுரை ஒரு கிலோபைட்டுக்கும் குறைவாக இருந்தால் நீங்கள் எடுத்திருப்பது வெறும் முகவரி. கணக்கு போன அன்று அந்த முகவரியில் ஒன்றும் இருக்காது.

அதனால் கூகுளுக்கு டேக்அவுட் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அது டாக்ஸை வேர்டு ஃபைலாகவும் ஷீட்ஸை எக்செல் ஃபைலாகவும் மாற்றி, படங்கள், மெயில், தொடர்புகள் எல்லாவற்றையும் ஜிப் ஃபைல்களாகத் தரும். ஒவ்வொரு ஜிப்பும் எவ்வளவு பெரியது என்று தேர்ந்தெடுக்கலாம், 50 ஜிகாபைட் வரை போகும், ஆனால் 10க்கு மேல் வேண்டாம், பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். தயாரானதும் மெயில் வரும், அந்த லிங்க் சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். படங்களோடு ஜேசான் என்ற சின்னச் சின்ன ஃபைல்கள் வரும், குப்பை என்று அழித்துவிடாதீர்கள். எடுத்த தேதி, இடம், நீங்கள் எழுதிய குறிப்பு போன்றவை அதில் இருக்கலாம். மற்றவர்கள் உங்களுடன் பகிர்ந்த ஃபைல்கள் பெரும்பாலும் இதில் வராது, தேவையானதைத் தனியாக இறக்குங்கள்.

ஆப்பிளிலும் தனியுரிமைப் பக்கத்தில் டேட்டாவின் நகலைக் கேட்டுப் பெறலாம், தயாராக ஒரு வாரம் வரை ஆகும்.

கணினியில் கட்டளை எழுதப் பயமில்லை என்றால் ஆர்குளோன் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம், டஜன் கணக்கான கிளவுட் சேவைகளோடு பேசும், மாற்றம் வந்ததை மட்டும் இறக்கும். அதில் காப்பி என்ற கட்டளையை மட்டும் பயன்படுத்துங்கள். சிங்க் என்ற கட்டளை, கிளவுடில் இல்லாததை டிஸ்கிலும் அழித்துவிடும், நான் படங்களை இழந்த அதே வழி.

நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விநாடிக்கு 50 மெகாபிட் இணைப்பில் 500 ஜிகாபைட் இறங்கச் சுமார் 22 மணி நேரம் ஆகும், அதுவும் இடையில் தடை இல்லாமல். முதல் தடவை மட்டும்தான் இப்படி, அடுத்த மாதத்திலிருந்து புதியவை மட்டும்.

படி 5: டிஸ்கில் போடுவது, சரிபார்ப்பது

ஒவ்வொரு முறையும் தேதியிட்ட ஃபோல்டரில் போடுங்கள், பழையதன் மேல் எழுதாதீர்கள். போன மாதம் ஒரு ஃபைல் கெட்டுப்போயிருந்து அது தெரியாமல் இந்த மாதம் பேக்கப் எடுத்தால், நல்ல காப்பியின் மேல் கெட்டதை எழுதியிருப்பீர்கள். இடம் போதாதவர்களுக்கு ரெஸ்டிக், போர்க், கோபியா போன்ற கருவிகள் உண்டு. ஒரே டேட்டாவை இரண்டு முறை சேமிக்காமல் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும், என்கிரிப்ட்டும் தானே செய்யும். கொஞ்சம் பழக வேண்டும். சாதாரணமாக விண்டோஸில் ஃப்ரீஃபைல்சிங்க் போதும், ஒரு பக்கம் அழித்ததை மறுபக்கமும் அழிக்கிற மிரர் முறையை மட்டும் தவிர்த்துவிட்டு.

முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். எஸ்ஹெச்ஏ-256 செக்சம், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடுகிற கைரேகை மாதிரியான எண், எடுத்து ஒப்பிட்டால் இன்னும் உறுதி. ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாக வரும். அந்தப் பட்டியலையும் டிஸ்கிலேயே சேமித்தால் ஐந்து வருடம் கழித்தும் ஃபைல்கள் அப்படியே இருக்கின்றனவா என்று சொல்ல முடியும்.

படி 6: கழற்றுவது

எஜெக்ட், வயர், அலமாரி. செருகியே இருக்கிற டிஸ்கை ரான்சம்வேர் லேப்டாப்போடு சேர்த்தே பூட்டும்.

இரண்டு டிஸ்கில் ஒன்று வீட்டில், இன்னொன்று நம்பிக்கையான ஒருவரிடமோ லாக்கரிலோ இருக்கட்டும், சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் செருகியிருக்கும் நிலை வரவே கூடாது. ஈரம் டிஸ்குக்கு எதிரி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். தீ தாங்கும் பெட்டி வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: காகிதத்துக்கான பெட்டி உள்ளே சுமார் 177 டிகிரி செல்சியஸ் வரை விடும், காகிதம் அதில் பிழைக்கும், டிஸ்க் பிழைக்காது. டேட்டாவுக்கான பெட்டி உள்ளே சுமார் 52 டிகிரியைத் தாண்டவிடாது. அட்டையில் எதற்கான பெட்டி என்று பார்த்து வாங்குங்கள்.

படி 7: திரும்ப எடுத்துப் பாருங்கள்

2017 ஜனவரி 31 அன்று புரோகிராமர்கள் கோடு சேமித்து வைக்கிற கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் களைப்பில் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார், சுமார் 300 ஜிகாபைட் டேட்டாபேஸ் விநாடிகளில் போனது. அவர்களிடம் ஐந்து வகையான பேக்கப் மற்றும் பிரதி ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் பார்த்தால் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தினசரி பேக்கப் மென்பொருள் பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய மெயிலும் போய்ச் சேரவில்லை. அந்தப் பொறியாளர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த காப்பிதான் அவர்களைக் காப்பாற்றியது.

வீட்டில் செய்ய வேண்டிய சோதனை சின்னது. பேக்கப் எடுத்த கணினியில் செய்யாமல் வேறு கணினியில் செய்யுங்கள், இதுதான் முக்கியம். தாளைப் பார்த்து பாஸ்வேர்டு அடியுங்கள். வெவ்வேறு வருடங்களிலிருந்து பத்து ஃபைல்களைத் திறங்கள்: ஒரு பழைய படம், ஒரு நீளமான வீடியோவின் கடைசி நிமிடம், ஒரு வேர்டு ஃபைல், ஒரு ஜிப். வீடியோவின் கடைசி நிமிடம் ஏன் என்றால், காப்பி பாதியில் நின்றிருந்தாலும் தொடக்கம் நன்றாகவே ஓடலாம், முடிவில்தான் தெரியும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை

எத்தனை நாள் உழைப்பை இழந்தால் தாங்குவீர்கள் என்பதுதான் விடை. படங்கள் மட்டும் என்றால் மாதம் ஒரு முறை போதும், வேலை ஃபைல்கள் என்றால் வாரம் ஒரு முறை. திரும்ப எடுக்கும் சோதனை வருடம் இரண்டு முறை. அந்த நேரத்தில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கிற ஸ்மார்ட் தகவலையும் பாருங்கள். பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் (டிஸ்கின் சின்னச் சின்னப் பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ, டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டாலோ அன்றே புதியது வாங்குங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்: டிஸ்க் எங்கே, தாள் எங்கே, எந்த மென்பொருளில் திறப்பது. நான் ஒரு பக்கத்தில் எழுதி, மனைவியை உட்கார வைத்து, என் உதவியில்லாமல் திறக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார், கன்டெய்னர் என்றால் எந்த ஃபைல் என்று அதில் எழுதவே இல்லை. அன்றே திருத்தி எழுதினேன். இப்போது டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் சிட்டையில் இரண்டே தேதிகள் இருக்கும், பேக்கப் எடுத்த தேதி, கடைசியாகத் திறந்து பார்த்த தேதி. இந்த மாதத்தின் இரண்டாவது தேதி அவர் கையெழுத்தில் இருக்கிறது.